உறையில்லாத ஒரு சீடியும் ஜோன் கோல்ட்ரேனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தின் கொக்குவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஞாயிறு பின்னேரங்களில் நாலைந்து பேர் கூடிப் பாட்டுக் கேட்பது வழக்கம். சில வருடங்களாக அதில் பாதி நேரம் ஜோன் கோல்ட்ரேன் என்ற அமெரிக்க ஜாஸ் சாக்சபோன் கலைஞருக்கே போய்விடுகிறது. புதிதாக வருகிறவர்கள் கேட்பதும் அநேகமாக அதே கேள்விகள்தான். அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளை, கேட்டவர்களின் வாய்ப்பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

ஆர் இந்தக் கோல்ட்ரேன்? சுருக்கமாச் சொல்லுங்கோ.

1926 செப்ரெம்பர் 23 அன்று அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் ஹம்லெற் என்ற சிறிய ஊரில் பிறந்தவர். தகப்பன் தையல்காரர். பேரன்மார் இருவரும் கறுப்பின மக்களின் மெதடிஸ்த சபையில் போதகர்கள். கோயில் வாசலில் மேளம் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நம்மில் இருப்பதுபோல, அவர் தேவாலயப் பாட்டுக் கேட்டு வளர்ந்த பிள்ளை. இளமையிலேயே தகப்பனை இழந்தார். 1943 இல் பிலடெல்பியா நகரத்துக்குப் போனார். ட்ரம்பெற் கலைஞர்களான டிஸ்ஸி கிலெஸ்பியின் குழுவிலும், 1955 முதல் மைல்ஸ் டேவிஸின் குழுவிலும் வாசித்தார். ஹெரோயின் பழக்கத்தால் 1957 இல் அந்த இடத்தை இழந்தார். அதே வருடம் அந்தப் பழக்கத்தை விட்டொழித்து, பியானோ மேதை தெலோனியஸ் மங்க்கோடு சேர்ந்து வாசிக்கத் தொடங்கினார். பிறகு மைல்ஸ் அவரைத் திரும்பவும் சேர்த்துக்கொண்டார்.

1967 யூலை 17 இல் ஈரல் புற்றுநோயால் இறந்தபோது அவருக்கு வயது 40. தன் பெயரில் இசைத்தட்டுகள் பதிவு செய்தது 1957 முதல் 1967 வரை, பத்தே பத்து வருடம். இதை முதலில் மனதில் பதித்துக்கொள்ளுங்கள், கீழே சொல்லப்போகிற பல விஷயம் இந்தப் பத்து வருடத்தில்தான் தங்கியிருக்கிறது.

உங்களுக்கு எப்பிடி இவர் கிடைச்சவர்? இங்கை ஆரும் ஜாஸ் கேக்கிறேல்லையே.

2002 இல், போரால் மூடியிருந்த ஏ9 பாதை திறந்தபின் வெளிநாட்டுச் சொந்தங்கள் ஒவ்வொருவராக ஊருக்கு வந்தார்கள். 2003 நல்லூர்த் திருவிழாவுக்கு ரொறன்ரோவிலிருந்து பெரியம்மாவின் மகன் வந்தார். போகும்போது மேசையில் ஒரு சீடியை விட்டுவிட்டுப் போனார். மறந்து விட்டாரா, எனக்கென்றே விட்டாரா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. உறை இல்லை. வெறும் கடதாசிப் பைக்குள் தட்டு மட்டும். பல இசைத்தட்டுகளிலிருந்து பொறுக்கிச் சேர்த்த தொகுப்பு அது. தட்டின் மேல் ஜோன் கோல்ட்ரேன் என்ற பெயரும் உருப்படிகளின் தலைப்புகளும் இருந்தன. யார் யார் வாசிக்கிறார்கள், எந்த வருடம், எந்த ஊர், ஒன்றும் இல்லை.

எங்கள் தலைமுறை பாட்டுக் கேட்ட விதத்தை நினைத்துப் பாருங்கள். 1990 இல் மின்சாரம் போனபின், சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் கசெற் கேட்டவர்கள் நாங்கள். சுற்றுகிறவருக்குக் கை உளைந்தால் பாட்டும் இழுபடும். ஒரு பாட்டுக்கு அவ்வளவு உழைத்தவர்களுக்கு, அது விளங்கவில்லை என்று தூக்கி எறிய மனம் வராது. அந்தச் சீடியையும் அப்படித்தான் எறியாமல் வைத்திருந்தேன்.

முதல் மூன்று வருடம் அதை நாலு தரம் கேட்டிருப்பேன். 2006 ஓகஸ்டில் பாதை மீண்டும் மூடியது. பின்னேரத்திலேயே ஊரடங்கு. ஒழுங்கையில் நாய்ச் சத்தம் தவிர வேறில்லை. சத்தத்தைக் குறைத்து வைத்து அந்தச் சீடியை இரவிரவாகக் கேட்டேன். அப்போதுதான் அது திறந்தது.

தொகுப்பிலயிருந்து தொடங்கிறது பிழையில்லையோ? "நல்லதுகளைப் பொறுக்கிப் போட்டது" எண்டு விளக்கம் தெரிஞ்சவை சிரிக்கினம்.

சிரிக்கட்டும். தெரியாத ஊருக்குப் போகிறவன் பஸ் நிறுத்துமிடத்தில்தான் இறங்குவான். அங்கேயே நின்றுவிட்டால்தான் பிழை.

ஆனால் தொகுப்பு என்பது என்ன என்று விளங்கிக்கொள்வது நல்லது. எனக்கு அது விளங்க வருடங்கள் எடுத்தன. கோல்ட்ரேன் நாலு இசைத்தட்டு நிறுவனங்களுக்கு முக்கியமாகப் பதிவு செய்தார். தொடக்கத்தில் பிரெஸ்டீஜ், நடுவில் 1957 செப்ரெம்பரில் புளூ நோட்டுக்காக "புளூ ட்ரெயின்", 1959 முதல் அற்லாண்டிக், 1961 முதல் இறக்கும்வரை இம்பல்ஸ். ஒவ்வொரு நிறுவனமும் தன்னிடம் உள்ள பதிவுகளிலிருந்துதான் தொகுப்புப் போடும். ஆகவே "மிகச் சிறந்தவை" என்று அட்டையில் இருந்தால், அந்த நிறுவனத்தின் பெட்டிக்குள் இருந்தவற்றில் சிறந்தவை என்றே வாசிக்க வேண்டும். என்னுடையது அற்லாண்டிக் காலத்துத் தொகுப்பு. அதாவது இரண்டு வருடத்துக் கோல்ட்ரேன். அதைக் கேட்டுவிட்டு நான் ஆளை முழுக்க அறிந்துவிட்டதாக நினைத்திருந்தேன்.

இன்னொன்று, தொகுப்பு காலத்தைக் கலைத்துவிடும். என் சீடியில் 1960 இல் பதிவான உருப்படி முதலாவது, 1959 இல் பதிவானது பின்னால். ஒரே நாளில் ஒரே குழு வாசித்தது என்றே எண்ணியிருந்தேன். ஒரு உருப்படியில் பியானோ தயங்கித் தயங்கி வருகிறது, அடுத்ததில் இடிபோல விழுகிறது. இரண்டும் வேறு வேறு ஆட்கள் என்று அறிந்தபோது, காதில் பட்டும் கருத்தில் படாமல் போனது எவ்வளவு என்று தெரிந்தது.

ஆகையால் உங்களிடம் எந்தத் தொகுப்பு இருந்தாலும், முதல் வேலையாக ஒவ்வொரு உருப்படிக்கும் பதிவான வருடத்தையும் வாசித்தவர்களின் பெயரையும் தேடி ஒரு கொப்பியில் எழுதுங்கள். இப்போது போனில் ஐந்து நிமிட வேலை.

முதலாவது உருப்படி நாதஸ்வரம் மாதிரிக் கேக்குது. உண்மையோ, இல்லாட்டி என்ர காது செய்யிற வேலையோ?

இரண்டும்தான்.

அந்த உருப்படி "மை ஃபேவரிட் திங்ஸ்". 1960 ஒக்ரோபர் 21 இல் பதிவானது. கோல்ட்ரேன் வழமையாக வாசிப்பது டெனர் சாக்சபோன், வளைந்த கழுத்தும் தடித்த குரலும் உடையது. இதில் அவர் எடுத்தது சொப்ரானோ. நேரான குழல், கீழே போகப்போக அகன்று அணசுபோல விரியும் வாய். தூரத்திலிருந்து பார்த்தால் நாதஸ்வரம் என்றே நினைக்கலாம். இரண்டும் கூம்பு வடிவக் குழல்கள். இரண்டிலும் நாணல் வகையிலிருந்து செய்த சீவாளிதான் அதிர்கிறது. நாதஸ்வரத்தில் இரட்டைச் சீவாளி, சாக்சபோனில் ஒற்றை, வாய்முனையில் வைத்துக் கட்டியது. பித்தளையால் செய்திருந்தும் மேற்கத்தையர் அதை மரக்காற்றுக் கருவிகளோடு சேர்ப்பது இந்தச் சீவாளிக்காகத்தான். அடோல்ஃப் சாக்ஸ் என்ற பெல்ஜியர் 1846 இல் பாரிஸில் காப்புரிமை எடுத்த கருவி அது.

வேறுபாடு பெரியது. நாதஸ்வரத்துக்குச் சாவிகள் இல்லை. துளையைப் பாதி மூடியும் மூச்சை அழுத்தியும் உதட்டால் சீவாளியைப் பிடித்தும் கமகம் பிறக்கிறது. சாக்சபோனில் ஒவ்வொரு சுரமும் ஒரு சாவிக்குள் இருக்கிறது. கோல்ட்ரேன் கமகம் பிடிக்கவில்லை. சுரங்களை அவ்வளவு வேகமாக நெருக்கி அடுக்குகிறார், நம் காது அதை ஒரே இழுவையாக எடுத்துக்கொள்கிறது. அவர் நாதஸ்வரம் கேட்டிருந்தார் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அமெரிக்க ஜாஸிலேயே அவருக்கு முன் சிட்னி பெஷே என்ற மேதை அதே சொப்ரானோவை வாசித்தவர்.

இந்தக் கேள்விக்கு என்னைவிட நல்ல விடை சொன்னவர் ஒரு மேளகாரர். இணுவில் பக்கம், நாதஸ்வரம் வாசிக்கிறவர், அப்பாவுக்குத் தெரிந்தவர். ஒரு கலியாண விஷயமாக வீட்டுக்கு வந்தபோது இதைப் போட்டுக் காட்டினேன். பதின்மூன்று நிமிடத்துக்கு மேல் நீளும் உருப்படி. தேத்தண்ணி ஆறிப்போகும்வரை அசையாமல் கேட்டார். முடிந்ததும் இரண்டு கேள்வி கேட்டார். "சீவாளி ஒண்டோ ரெண்டோ?" என்றார். அதற்குப் பதில் சொன்னேன். "ஒத்து ஆர் பிடிக்கிறது?" என்றார். நாதஸ்வரத்துக்குத் துணையாக ஒரே சுரத்தை விடாமல் ஊதிக்கொண்டிருக்கும் குழல்தான் ஒத்து. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அவர் போனபின் திரும்பப் போட்டு அதை மட்டும் தேடினேன். அங்கே இருந்தது. டபிள் பேஸ் என்ற பெரிய தந்தி வாத்தியத்தில் ஸ்ரீவ் டேவிஸ் என்பவர் ஒரே அடிச் சுரத்தைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டே இருக்கிறார். பியானோவில் மக்கோய் டைனர் இரண்டே சுரக் கூட்டுகளை ஆட்டிக்கொண்டிருக்கிறார், ஊஞ்சல் மாதிரி. அந்த ஒத்துக்கு மேல் நின்றுதான் கோல்ட்ரேன் ஆலாபனை செய்வதுபோல விரிக்கிறார். ஓரிடத்தில் அதே அடிச் சுரத்தில் நின்றபடி இருட்டான சுர வரிசை வெளிச்சமான வரிசையாக மாறும். மழை விட்டு வெய்யில் எறிப்பதுபோல இருக்கும். அவ்வளவு வருடம் நான் சாக்சபோனை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். மேளகாரரின் கேள்வி என் காதை இரண்டடி கீழே இறக்கிவிட்டது. அதற்குப்பிறகு எந்த ஜாஸ் பதிவு கேட்டாலும் முதலில் பேஸைத்தான் தேடுகிறேன்.

அது பள்ளிக்கூடத்தில போட்டுக் காட்டின "சவுண்ட் ஒஃப் மியூசிக்" படப் பாட்டெல்லோ?

அதே பாட்டுத்தான், ஆனால் படத்திலிருந்து எடுத்ததல்ல. றொஜர்ஸ், ஹமர்ஸ்ரைன் இருவரும் ஆக்கிய மேடை நாடகம் 1959 இல் நியூயோர்க்கில் அரங்கேறியது. படம் வந்தது 1965 இல். கோல்ட்ரேன் பதிவு செய்தபோது அது புதிய மேடைப்பாட்டு. மூன்றடித் தாளத்தில் அமைந்த ஒரு சின்னப் பாட்டை எடுத்து அதன் மெட்டை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போகிறார். ஒரு சினிமாப் பாட்டைத் திருவிழாவில் நாதஸ்வரக்காரர் எடுத்து, ராகம் விரித்து, அது சினிமாப் பாட்டு என்பதையே மறக்கச் செய்வதை நாம் கேட்டதில்லையா.

ஒரு எச்சரிக்கை. சில தொகுப்புகளில் இதைச் சுருக்கிய வடிவத்தில் போட்டிருப்பார்கள். நீளத்தைப் பாருங்கள். பதின்மூன்று நிமிடத்துக்குமேல் இல்லையென்றால் அது அந்த உருப்படி இல்லை.

சாக்சபோன் எண்டா எங்களுக்கு "டூயட்" படம்தான் ஞாபகம். அதுவும் இதுவும் ஒண்டோ?

கருவி ஒன்று, வழி வேறு. 1994 இல் வந்த அந்தப் படத்துக்கு ஏ. ஆர். ரகுமான் இசையில் வாசித்தவர் கத்ரி கோபால்நாத். மங்களூர்ப் பக்கத்தவர். சாக்சபோனின் சாவிகளை மாற்றியமைத்து, அதில் கர்நாடக இசையைக் கமகத்தோடு வாசிக்கலாம் என்று நிறுவியவர். 2019 இல் காலமானார். அவருடைய வேலை சாக்சபோனை நமது இசைக்குக் கொண்டுவருவது. கோல்ட்ரேன் இருந்த இடத்திலிருந்தே வெளியே நீட்டிக் கேட்டவர். ரவிசங்கரின் சிதார் இசையை விரும்பிக் கேட்டார், 1961 நவம்பரில் நியூயோர்க்கில் "வில்லேஜ் வங்கார்ட்" என்ற நிலக்கீழ் அரங்கில் "இந்தியா" என்ற தலைப்பில் ஒரு உருப்படி வாசித்தார், 1965 இல் பிறந்த மகனுக்கு ரவி என்றே பெயர் வைத்தார். அந்த ரவி கோல்ட்ரேனும் இன்று சாக்சபோன் கலைஞர்.

இவர்கள் இருவரில் ஆர் பெரிது என்று விறாந்தையில் ஒருமுறை வாக்குவாதம் வந்தது. எனக்கு அந்தக் கேள்வியில் விருப்பமில்லை.

"ஜயன்ற் ஸ்ரெப்ஸ்" கேட்டாத் தலை சுத்துது. என்ன செய்யிறார்?

சுற்றத்தான் செய்யும். நம் காது ஒரு ஆதார சுருதியில் குந்தியிருந்து பழகிய காது. சுருதிப்பெட்டி ஒரு கச்சேரி முழுக்க ஒரே இடத்தில் நிற்கும். 1959 மே மாதத்தில் பதிவான இந்த உருப்படியில் ஆதாரம் ஒரு இடத்தில் நிற்பதில்லை. ஒன்றுக்கொன்று சமதூரத்தில் இருக்கும் மூன்று ஆதாரங்களுக்கிடையே ஓரிரு அடிக்கு ஒருமுறை தாவுகிறது, அதுவும் ஓட்ட வேகத்தில். ஒவ்வொரு தாவலுக்கும் புதிய சுர வரிசை. ஆற்றில் மூன்று கல்லில் மாறி மாறிக் கால் வைத்து ஓடுகிற ஆளை நினையுங்கள்.

பியானோ வாசித்தவர் டொமி ஃப்ளனகன், தேர்ந்த கலைஞர். அவருடைய முறை வரும்போது கவனியுங்கள். ஓடத் தொடங்கி, தயங்கி, கடைசியில் வெறும் சுரக் கூட்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு போகிறார். அவ்வளவு கடினமான பாதை அது. அந்தத் தடுமாற்றத்தை அழிக்காமல் இசைத்தட்டில் விட்டிருக்கிறார்கள். எனக்கு அந்த இடம் மிகப் பிடிக்கும். இசைத்தட்டுக்குள் மனிதர்கள் இருக்கிறார்கள் என்று எனக்குக் காட்டிய இடம் அதுதான்.

விளங்காவிட்டால் இதைத் தாண்டிப் போங்கள். கோல்ட்ரேனே தாண்டிப் போனார். ஆதாரங்களை இவ்வளவு அடுக்கிய ஆள் அடுத்த வருடமே ஒரே ஒத்தில் வந்து நின்றார் என்பதுதான் என் சீடியின் கதை. உருப்படிகள் கலைந்து கிடந்ததால் அது எனக்கு நெடுநாள் தெரியவில்லை.

மேளத்தில தவில் மாதிரி, இதில ட்ரம்ஸுக்கு மதிப்பு இருக்கோ?

எல்வின் ஜோன்ஸ் என்ற பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். தாளத்தை எண்ணிக் காட்டுகிற ஆளில்லை. மூன்று நாலு கணக்கை ஒரே நேரத்தில் நாலு கைகால்களிலும் வைத்துச் சுழற்றுகிற ஆள். தவில் தெட்சணாமூர்த்தியின் வாசிப்பைக் கேட்டுத் தலையாட்டிய ஊர் இது. தவில் சமா நடக்கும்போது நாதஸ்வரக்காரர் குழலைக் கீழே வைத்துவிட்டுத் தாளம் போட்டுக்கொண்டிருப்பார், சனம் நெருங்கி வரும். கோல்ட்ரேனின் குழுவில் சில வேளை பியானோ நின்றுவிடும், சாக்சபோனும் ட்ரம்ஸும் நேருக்கு நேர் மோதும். "சேசின் த ட்ரேன்" என்ற 1961 ஆம் ஆண்டு மேடைப் பதிவில் கால் மணித்தியாலம் பியானோவே கிடையாது. நடுவீதியில் சமா கேட்ட காதோடு அதைக் கேளுங்கள், வேறு விளக்கம் தேவைப்படாது.

தொகுப்பில இல்லாததில எதை முக்கியமாக் கேக்கவேணும்?

இரண்டு. இரண்டும் இம்பல்ஸ் காலத்தவை, ஆகவே என் சீடியில் இருக்க வழியில்லை.

முதலாவது "அலபாமா". 1963 செப்ரெம்பர் 15, ஒரு ஞாயிறு காலை. அலபாமா மாநிலத்தின் பேர்மிங்ஹம் நகரில் கறுப்பின மக்களின் தேவாலயத்தில் வெள்ளை இனவெறியர் வைத்த குண்டு வெடித்து நாலு சிறுமிகள் இறந்தார்கள். ஒரு பிள்ளைக்கு வயது 11, மற்ற மூவருக்கும் 14. இரண்டு மாதம் கழித்து, நவம்பர் 18 இல், கோல்ட்ரேன் இதைப் பதிவு செய்தார். ஐந்து நிமிடம். சொல் ஒன்றும் இல்லை. பியானோ அடியில் முனகிக்கொண்டிருக்க, டெனர் சாக்சபோன் ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லி நிறுத்துகிறது. நடுவில் தாளம் நடக்கத் தொடங்குகிறது. பிறகு அதுவும் நின்று, திரும்பவும் அந்த முதல் அழுகைக்கே வருகிறது.

விறாந்தையில் இதை முதல்தரம் போட்டபோது பேர்மிங்ஹம் கதையை முன்னமே சொல்லவில்லை. கேட்டு முடிந்தபின் சொன்னேன். அங்கிருந்த ஒரு அக்கா நவாலிக்காரி. 1995 யூலை 9 அன்று நவாலித் தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்த சனத்தின்மேல் குண்டு விழுந்ததை அவவுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. "இன்னொருக்காப் போடு தம்பி" என்றா. போட்டேன். அன்றைக்கு வேறு பாட்டு ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டாவது "எ லவ் சுப்ரீம்". 1964 டிசெம்பர் 9 அன்று நியூ ஜேர்சியில் றூடி வான் கெல்டரின் ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவானது. நாலு பகுதி, மொத்தம் அரை மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட. டைனர், எல்வின் ஜோன்ஸ், பேஸில் ஜிம்மி கரிசன். 1957 இல் கடவுள் கிருபையால் தனக்கு ஒரு விழிப்புக் கிடைத்தது என்றும் அதற்கான நன்றியாக இதைச் செய்கிறேன் என்றும் உறையில் எழுதியிருக்கிறார். பேஸில் நாலு சுரம் ஒன்று தொடங்கும். அந்த நாலு சுரத்துக்கும் தலைப்பின் சொற்கள் பொருந்தும். முதற்பகுதி முடிவில் மந்திரம் உச்சரிப்பதுபோல மனிதக் குரலில் அதையே சொல்லிக்கொண்டு போவார்கள்.

நான் சொல்லவந்தது நாலாம் பகுதியைப் பற்றி. அதன் தலைப்புக்குப் பொருள் சங்கீதம், விவிலியத்தில் வருகிற திருப்பாடல். தாளக்கட்டு இல்லை, சாக்சபோன் பேசிக்கொண்டு போகிறது. கோல்ட்ரேன் தானே எழுதிய ஒரு பிரார்த்தனைப் பாட்டை இசைத்தட்டு உறையில் அச்சிட்டிருந்தார். அந்தப் பாட்டின் அசைகளைத்தான் ஒவ்வொன்றாகச் சாக்சபோனில் வாசிக்கிறார். பாடவில்லை, வாசித்தே சொல்கிறார். "இறைவா, நன்றி" என்ற பொருளில் ஒரு வரி அடிக்கடி வரும். அது வரும்போதெல்லாம் குழல் இறங்கி ஆதாரச் சுரத்தில் வந்து அமரும்.

உறையில்லாமல் இசை கேட்கத் தொடங்கியவன் என்பதால் இது எனக்கு வருடக்கணக்காகத் தெரியாது. தெரிந்த அன்று போனில் பாட்டின் வரிகளை எடுத்து வைத்துக்கொண்டு விரலால் ஒவ்வொரு சொல்லாகப் பின்தொடர்ந்தேன். கோயிலில் நாதஸ்வரத்தில் தேவாரம் வாசிக்கும்போது என்ன நடக்கிறது? குழலில் சொல் இல்லை. ஆனால் "தோடுடைய செவியன்" தெரிந்தவருக்கு ஒவ்வொரு எழுத்தும் கேட்கும். அளவெட்டி பத்மநாதன் போன்றவர்கள் அப்படி வாசித்ததைக் கேட்டு வளர்ந்த ஊருக்கு இது புதிய வித்தை இல்லை. ஜாஸ் தெரியாது என்று ஒதுங்குகிறவர்களிடம் நான் சொல்வது இதைத்தான்: இந்த நாலாம் பகுதியைக் கேட்பதற்குரிய காது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

கடைசிக் காலத்தில வெறும் இரைச்சல் எண்டு சொல்லினம்.

1965 யூனில் பதினொரு பேரைச் சேர்த்து "அசென்ஷன்" பதிவு செய்தார். நாற்பது நிமிடம், பலர் ஒரே நேரம் முழு மூச்சில். அதற்குப்பின் டைனரும் எல்வின் ஜோன்ஸும் விலகினார்கள், பியானோவுக்கு மனைவி அலிஸ் கோல்ட்ரேன் வந்தார். இரைச்சல் என்று நான் சொல்லமாட்டேன். தேர் முட்டியடியிலிருந்து கிளம்பும்போது மேளம், சங்கு, சேமக்கலம், அரோகரா எல்லாம் ஒன்றாக எழும்புமே, அதை இரைச்சல் என்று எங்களில் ஆரும் சொல்வதில்லை. ஆனால் அங்கிருந்து தொடங்க வேண்டாம். நானும் அதற்குள் மெல்லத்தான் போய்க்கொண்டிருக்கிறேன்.

ஜாஸ் கொழும்பு இங்கிலிஷ்காரற்றை சங்கதியெல்லோ?

டேவ் புரூபெக் 1958 இலும் டியூக் எலிங்டன் 1963 இலும் அமெரிக்க அரசின் ஏற்பாட்டில் தம் குழுக்களோடு இலங்கைக்கு வந்தவர்கள்தான். யாழ்ப்பாணம் வரை வரவில்லை. ஆனால் தையல்காரரின் மகன், போதகர்களின் பேரன், தன் சனத்தின் பிள்ளைகள் தேவாலயத்தில் இறந்ததைப் பாடியவன். இவனைக் கேட்க இங்கிலிஷ் என்னத்துக்கு?

போனில கேட்டாப் போதுமோ?

போதும். இரண்டு விஷயம் மட்டும். கலைத்துப் போடும் பொத்தானை அணைத்துவிடுங்கள். "எ லவ் சுப்ரீம்" பகுதிகள் இடம் மாறி வந்தால் தேவாரத்தைக் கடைசி அடியிலிருந்து பாடியதுபோல இருக்கும். இரண்டு காதிலும் மாட்டுங்கள். அந்தக் காலத்து ஸ்ரீரியோப் பதிவுகளில் ஒரு வாத்தியத்தை ஒரு பக்கத்திலேயே வைத்துவிடுவார்கள். ஒற்றைக் காதில் கேட்டால் ஆரோ ஒருவர் காணாமல் போயிருப்பார், பல வேளை அது பேஸ்காரராக இருக்கும்.

சரி, தொகுப்பைக் கேட்டாச்சு. அடுத்தது?

தொகுப்பில் உங்களுக்கு எந்த உருப்படி பிடித்ததோ அது வந்த முழு இசைத்தட்டுக்குப் போங்கள். பட்டியல் போட்டுத் தர எனக்கு விருப்பமில்லை. இருந்தும் கேட்பவர்களுக்காக: சாந்தமாக வேண்டுமென்றால் பாடகர் ஜொனி ஹார்ட்மனோடு 1963 இல் செய்தது. அம்மாவும் அதை விரும்பிக் கேட்பா. "மை ஃபேவரிட் திங்ஸ்" பிடித்தவர்கள் அதே பெயருள்ள இசைத்தட்டை எடுங்கள். மங்க்கோடு 1957 இல் கார்னகி மண்டபத்தில் வாசித்த ஒலிநாடா அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் கிடந்து 2005 இல்தான் கண்டெடுக்கப்பட்டது, அதையும் விடாதீர்கள். 1981 இல் நூலகம் எரிந்த ஊரில் இருந்துகொண்டு இப்படி ஒரு செய்தியை வாசிக்கும்போது எனக்கு நெஞ்சு அடைக்கும்.

இன்று இரவுக்கே ஒன்று வேண்டும் என்றால், "நைமா". 1959 டிசெம்பர் 2 இல் பதிவானது, முதல் மனைவியின் பெயர். நாலரை நிமிடம்கூட இல்லை. கோல்ட்ரேன் மெட்டை மட்டும் வாசித்துவிட்டு ஒதுங்கிவிடுகிறார், விரித்து வாசிப்பது பியானோ. விளக்கை அணைத்துவிட்டு, முதல்தரம் சாக்சபோனை விட்டுவிட்டு, போல் சேம்பர்ஸ் என்பவருடைய பேஸை மட்டும் கேளுங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே சுரம், நடுவில் மட்டும் இன்னொன்று. ஒத்துப் பிடிக்கிறவர் அவர்தான்.